முன்பக்கம் மட்டும் நீளம்

பிப்ரவரி 6

அன்புள்ள ஊசிக்கு,

அம்மா விழுந்ததால் இடுப்பெலும்பு முறிந்ததா, எலும்பு முறிந்ததால் விழுந்தாளா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. நலம் விசாரிப்பதற்கு முன்பே இதை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ மற்றதையெல்லாம் தாண்டிக்கொண்டு பதிலைத்தான் தேடுவாய்.

நான் பக்கத்து அறையில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நடையில் இரண்டு சத்தம் கேட்டது. ஒன்று காய்ந்த குச்சி ஒடிவது போல. இன்னொன்று துணிமூட்டையை இறக்கி வைப்பது போல. இரண்டும் ஒட்டி ஒட்டி வந்தன. எது முதலில் என்று அப்போதே கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். இப்போது ஒரு நாள் இது முதலில் கேட்கிறது, ஒரு நாள் அது. இத்தனை தரம் எடுத்துப் பார்த்துவிட்ட நினைவை நம்பி எதையும் சொல்ல மாட்டேன்.

நீ எதற்குக் கேட்கிறாய் என்று தெரியும். அவள் அன்று போட்டிருந்தது நீ தைத்து அனுப்பிய நீலக் கவுன். முன்பக்கம் தரையில் புரண்டது. அளவெடுக்க நான் டேப்போடு போனபோது, "இந்த வயசுல புதுசா வளரவா போறேன், பழைய அளவையே அனுப்பு" என்று விரட்டிவிட்டாள். அவள் வளரவில்லை, குறுகியிருந்தாள். கால் தடுக்கியிருக்கலாம். தடுக்காமலும் இருக்கலாம். எலும்பு அவ்வளவு இளைத்துப்போனால் நிற்கும்போதே முறிவதும் உண்டு என்று டாக்டர் சொன்னார். உண்டு என்பது வேறு, அன்று அப்படித்தான் நடந்தது என்பது வேறு. உன் ஆறுதலுக்காக இரண்டையும் ஒன்றாக்க என்னால் முடியாது.

அவள் மருத்துவமனையில் கிடந்த மூன்று வாரமும் நீ வராததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை.

சொல்ல வந்தது வேறு. இளைப்புக்காக நீ வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாய். அது எலும்பை உள்ளிருந்து அரிக்கும். எலும்பு அடர்த்திப் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. வலி கிடையாது. மேசையில் கொஞ்ச நேரம் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உடனே செய்துகொள்.

இரவில் மூச்சு முட்டுகிறதா? தலையணையை உயர்த்தி வைத்துப் படு.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இளைப்பு பரவாயில்லை. போனில் பேசினால் பாதி நேரம் இருமலிலேயே போய்விடுகிறது. கடிதத்தில் இருமல் தெரியாது என்பது ஒரு வசதி.

நீ தெரியவில்லை என்று எழுதியதற்கு நன்றி. வேறு யாராக இருந்தாலும் "உன் கவுனால் இல்லை" என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அந்த விளிம்பு கையால் மடித்துத் தைத்தது. மெஷினில் ஓட்டியிருந்தால் அடியில் கொஞ்சம் விறைப்பாக நின்றிருக்கும், காலில் சுற்றியிருக்காது. அம்மாவுக்கென்று மெனக்கெட்டுக் கையால் தைத்தேன். இப்போது கடையில் யாருடைய பாவாடை விளிம்பை மடித்தாலும் அதற்குள் அவள் பாதம் தெரிகிறது. ஊசியை அந்தப் பக்கம் செலுத்தப் பயமாக இருக்கிறது. முதலாளியம்மா, "என்ன, துணிக்கு வலிக்கும்னு பாக்கறியா?" என்கிறாள்.

பரிசோதனை வேண்டாம் அக்கா. தெரிந்து என்ன ஆகப்போகிறது? மாத்திரையை விட்டால் மூச்சு நின்றுவிடும். விடாவிட்டால் எலும்பு போகும் என்கிறாய். மூச்சு இல்லாத ஆளுக்கு எலும்பு எதற்கு?

ஜூனில் உனக்கு ஐம்பதாவது வயது தொடங்குகிறது. ஒரு கவுன் தைக்கப்போகிறேன். கண்ணாடி முன் நின்று ஒழுங்காக அளந்து அனுப்பு. பழைய அளவு வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் ஊசி


மார்ச் 15

அன்புள்ள ஊசிக்கு,

சாப்பிடுகிறேன். அளவு தனித்தாளில் இருக்கிறது.

மாத்திரையை விடு என்று நான் சொல்லவே இல்லை. திடீரென்று விடவும் கூடாது. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு எலும்பைக் காப்பாற்றக் கூடவே வேறு மருந்து தருகிறார்கள். முதலில் பரிசோதனை, அப்புறம் மருந்து. இதில் மூச்சைப் பற்றிய தத்துவத்துக்கு இடமில்லை.

உனக்குச் சிரிப்பு வரட்டும் என்று இன்னொன்றும் எழுதுகிறேன். எதிர்வீட்டுக் கடிகாரக்காரரை நினைவிருக்கிறதா? இப்போதும் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் கடிகாரம் பிரிக்கிறார். நேற்று என்னை வழியில் நிறுத்தினார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. முந்தாநாள் சாயங்காலம் உங்க அம்மாவைப் பார்த்தேன்."

"எங்கே?"

"உங்க சமையலறை ஜன்னல்ல. குழாய்கிட்ட நின்னாங்க."

"அவங்க போய் அஞ்சு மாசம் ஆச்சு."

"அது தெரியும் டீச்சர். தெரியாம இருந்தா கையாட்டியிருப்பேனே."

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"எதுக்கு பயம்? இருந்தப்ப நல்லா பேசினவங்கதானே."

நான் பேயை நம்புவதில்லை என்று சொன்னேன். "நான் நம்பச் சொல்லல, பார்த்தேன்னுதான் சொன்னேன்" என்றார். அவர் பேச்சில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டில் எனக்கு எதுவும் தென்படவில்லை. நடைச் சுவரில் அவள் பிடித்து நடந்த கைத்தடம் மட்டும் இருக்கிறது. வருடா வருடம் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியிருப்பதை இப்போதுதான் கவனித்தேன். வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துவிட்டு, பொத்தான் டப்பாவைக் கொட்டிவிட்டேன்.

வெள்ளையடிக்காதே. குறைந்தது இந்த வருடமாவது.

கடிகாரக்காரரிடம் கேள்: அவள் என்ன போட்டிருந்தாள்? நீலமா? விளிம்பு தரையில் புரண்டதா? ஜன்னலில் இடுப்புக்குக் கீழே தெரியாது என்று நீ சொல்வாய். தெரியும், இருந்தாலும் கேள். அவள் நின்றாள் என்கிறார் அல்லவா? இடுப்பு முறிந்தவள் நிற்கிறாள் என்றால் அங்கே அவளுக்கு வலி இல்லை என்று அர்த்தம். நீ இதைக் கிறுக்குத்தனம் என்பாய். சொல்லிக்கொள்.

அவள் குழாயடியில் என்ன தேடுகிறாள்? சாயங்காலம் ஒரு விளக்குப் போட்டு வை. இருட்டில் தடுக்காமல் இருக்கட்டும்.

உன் கவுனைப் பார்சலில் அனுப்பிவிட்டேன். சாம்பல் நிறம். ஜூன் வரை வைத்திருக்கக் கை பொறுக்கவில்லை. உன் முதுகு, தோள், உயரம் எல்லாம் பத்து வருடத்துக்கு முன்னால் இருந்தபடியே இருக்கின்றன. பொறாமையாக இருக்கிறது. போட்டுப் பார்த்து எழுது.

ஜலதோஷம் பிடித்துக்கொள்ளாமல் இரு.

உன் ஊசி


ஏப்ரல் 28

அன்புள்ள ஊசிக்கு,

கவுன் வந்தது. நன்றாக இருக்கிறது. படம் ஒன்று வைத்திருக்கிறேன்.

கடிகாரக்காரரிடம் கேட்டேன். மூன்று தடவை பார்த்திருக்கிறாராம். வெளிச்சம் மங்கின நேரம், நிறம் தெரியவில்லை, கூனின முதுகும் முன்னால் நீண்ட தலையும்தான் தெரிந்தன என்றார். அடுத்த முறை பார்த்தால் உடனே என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பரிசோதனைக்குப் பெயர் கொடுத்துவிட்டாயா? நீ அதைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை.

கல்லூரியில் வேலை அதிகம். வேறு விசேஷமில்லை.

அக்கா


மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

ஹேங்கரில் தொங்கும் கவுனைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய். ஹேங்கருக்கு முதுகு கிடையாது அக்கா. நான் ஹேங்கருக்குத் தைக்கவில்லை. நீ போட்டுக்கொண்டு பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. விளிம்பு முன்னும் பின்னும் ஒரே மட்டமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"நன்றாக இருக்கிறது" என்று இரண்டே வார்த்தை. நன்றாக இருக்கும் சட்டையைப் பற்றி நீ ஒரு பக்கம் குறை எழுதுகிறவள். என்ன ஆயிற்று உனக்கு?

என் படம் கேட்காதே. தையல்காரி படத்தில் நன்றாக விழ மாட்டாள். நாள் முழுக்க மெஷின் மேல் கவிழ்ந்து கிடக்கிறவளுக்கு முதுகு நேராக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அவள் மறுபடி வந்தாளா?

உன் ஊசி


ஜூலை 2

அன்புள்ள ஊசிக்கு,

பதில் எழுத ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. உடம்புக்கு என்ன என்று கேட்டு நீ இரண்டு முறை போன் செய்தாய், கல்லூரி வேலை என்றேன். கல்லூரிக்கு அப்போது விடுமுறை.

மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் சமையலறைக் குழாயடியில் நின்று கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். எதிர் ஜன்னலிலிருந்து கடிகாரக்காரர் சத்தம் போட்டார்.

"டீச்சர், எங்க இருக்கீங்க? சீக்கிரம் வாங்க, அம்மா நிக்கறாங்க."

திரும்பிப் பார்த்தேன். சமையலறையில் யாரும் இல்லை.

"எங்கே?"

"அங்கதான். குழாய்கிட்ட. கையில என்னமோ வெச்சிருக்காங்க."

கையிலிருந்த கோப்பையை மெதுவாக உயர்த்தினேன்.

"இப்ப தூக்கறாங்க பாருங்க."

கோப்பையை வைத்துவிட்டு விளக்கைப் போட்டேன். "மன்னிச்சுக்குங்க டீச்சர்" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக்கொண்டார். இப்போது வழியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

மறுநாள் போய் எக்ஸ்ரே எடுத்தேன். முதுகெலும்பில் இரண்டு கட்டைகள் முன்பக்கமாக நசுங்கியிருக்கின்றன, மிதிபட்ட தீப்பெட்டி மாதிரி. டாக்டர் சின்னப் பெண். என் மாணவிகளின் வயதுதான்.

"எப்போ விழுந்தீங்க மேடம்?"

"விழவே இல்லை."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

"விழுந்தது கூடத் தெரியாமலா இருப்பேன்?"

"கனமா எதையாவது தூக்கினீங்களா?"

தூக்கினேன். ஜனவரியில் ஒரு புத்தகக் கட்டு. குனிந்து எடுக்கும்போது முதுகில் சுருக்கென்றது. தைலம் தடவிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன். உனக்கு அறிவுரை எழுதின முதல் கடிதம் அதற்கு அடுத்த மாதம் எழுதியது.

அடர்த்திப் பரிசோதனையில் கழித்தல் மூன்று புள்ளி ஒன்று. இளம் பெண்களின் சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்துக்கும் கீழே என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடமாகப் புள்ளியியல் வகுப்பில் திட்ட விலக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தச் சின்னப் பெண் எனக்கு அதை விளக்கத் தொடங்கினாள். குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டேன். அவள் சரியாகத்தான் சொன்னாள்.

கவுன் அளவு பழையது. புத்தகத்துக்குள் கிடந்த பழைய தாளைப் பார்த்து எழுதி அனுப்பினேன். வளர்ந்தவளின் உயரம் மாறாது என்று நினைத்தேன், அம்மாவைக் கண்ணால் பார்த்த பிறகும். போட்டுப் பார்த்தபோது முன்பக்கம் மட்டும் இரண்டு விரல் தரையில் கிடந்தது. உனக்கு அதை எழுதத் தைரியம் வரவில்லை. இன்னொரு விளிம்பை நீ சுமக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீட்டு எலும்பு விழாமலே முறிகிறது. அம்மாவுக்கும் அப்படி நடந்திருக்கலாம். "இருக்கலாம்" என்பதற்கு மேல் நான் போக மாட்டேன். ஆனால் முன்னைவிட அதிகம் இருக்கலாம். அந்த அளவுக்கு உன் கவுனை மன்னித்துவிடு.

அதே எலும்புதான் உனக்கும். கூடவே ஸ்டீராய்டும் இருக்கிறது. உனக்கு ஆறுதலாகும் விஷயத்தைப் பயமும் சேர்க்காமல் சொல்ல வழி தேடினேன், கிடைக்கவில்லை. பரிசோதனை செய்துகொள். கெஞ்சிக் கேட்கிறேன். எனக்குக் கெஞ்சத் தெரியாது என்று உனக்குத் தெரியும்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 5

அன்புள்ள ஊசிக்கு,

பதில் இல்லை. போன் செய்தால் முதலாளியம்மா எடுத்து நீ வெளியே போயிருக்கிறாய் என்கிறாள். அவளுக்குப் பொய் நன்றாக வரவில்லை.

பயமுறுத்திவிட்டேனோ என்று என் சிகிச்சையைப் பற்றி எழுதுகிறேன். படித்தால் இது சமாளிக்கக்கூடிய காரியம் என்று தெரியும். வாரத்துக்கு ஒரு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. விழுங்கியபின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும். கால்சியம், வைட்டமின் டி தனி. தினமும் வெயிலில் நடை. குனிந்து எதையும் தூக்கக் கூடாது, முழங்காலை மடக்கித்தான் எடுக்க வேண்டும். தரையிலிருந்த விரிப்புகளை எல்லாம் சுருட்டி வைத்துவிட்டேன். நடையில் விளக்குப் போட்டாயிற்று. நீ சொன்ன விளக்குதான், வேறு காரணத்துக்காக.

நசுங்கினது நிமிராது. மற்றவை நசுங்காமல் இருக்க வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. கூடுகிறது என்று நான் எழுதினால் எண்களைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன்.

அந்த அரை மணி நேரத்தைப் பற்றி மட்டும் வேறு யாரிடமும் சொல்ல முடியாது. நாற்காலியில் நேராக உட்கார்ந்திருப்பேன். வீடு அமைதியாக இருக்கும். நடையில் யாரோ சுவரைத் தடவிக்கொண்டு வருகிற சத்தம் கேட்கும். கதவு வரை வந்து நின்றுவிடும். நான் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. காது பழக்கத்தால் கேட்கிறது என்று எனக்கே விளக்கம் சொல்லிக்கொள்கிறேன். விளக்கம் சரிதான். சத்தம் நிற்கவில்லை.

இந்த வீட்டில் இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கிறது. இரண்டு வரி எழுது.

அக்கா


ஆகஸ்ட் 26

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. முதலாளியம்மாவைத் திட்டாதே, நான்தான் சொல்லச் சொன்னேன்.

அம்மாவின் கவுனைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. உன் முதுகு நசுங்கியிருக்கிறது என்று எழுதிய அதே பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன். அப்புறம் அவமானமாகி, உனக்கு எழுதக் கை வரவில்லை. ஒரு காரணம் அது.

இன்னொரு காரணத்தைக் கடிதத்தில் சொல்ல முடியாது. வருகிறேன். கடையில் விடுப்பு சொல்லிவிட்டேன். செப்டம்பர் 12 சாயங்காலம் வந்து சேர்வேன். பரிசோதனையை உன் சின்ன டாக்டரிடமே செய்துகொள்கிறேன். இங்கே தனியாகப் போய் அந்த மேசையில் படுக்க என்னால் முடியாது.

ஸ்டேஷனுக்கு வராதே. கூட்டத்தில் வேண்டாம். வீட்டிலேயே இரு. கதவைத் திறந்ததும் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும்.

மாத்திரையை மறக்காமல் சாப்பிடு.

உன் ஊசி


செப்டம்பர் 11

அன்புள்ள ஊசிக்கு,

இந்தக் கடிதம் உனக்கு வந்து சேராது. தபாலில் போட்டால் நீ கிளம்பிய பிறகுதான் போகும். ஏழு மாதமாக உன்னிடம் காகிதத்தில் பேசிப் பழகிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

உன் கட்டிலைச் சுவரோரம் போட்டிருக்கிறேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தாயிற்று. டாக்டரிடம் அடுத்த வாரத்துக்கு உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். "உங்க தங்கச்சிக்கு என்ன வயசு மேடம்?" என்று கேட்டாள். நாற்பத்துமூன்று என்றேன். "அப்போ நேரம் இருக்கு" என்றாள். இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

நீ மருத்துவமனைக்கு வராததைப் பற்றி நாளை கேட்க மாட்டேன். கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஒன்றும் சொல்லாதே என்று எழுதியிருக்கிறாய். என் முதுகைப் பார்த்து நீயும் ஒன்றும் சொல்லாதே.

பத்திரமாக வந்து சேர்.

அக்கா


செப்டம்பர் 12

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். வாசலில் அம்மா நின்றாள். முதுகு வளைந்து, தலை முன்னால் நீண்டு, முகத்தை நிமிர்த்த முடியாமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாள். ஒரு கை கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்தது. நான் பின்னால் நகர்ந்துவிட்டேன்.

"என்னக்கா அப்படியே நிக்கற? பெட்டியை வாங்கேன்."

குரல் தங்கையுடையது.

என் வளைவு அவளுடையதில் பாதி கூட இருக்காது. அவள் சொன்னபடி நான் ஒன்றும் சொல்லவில்லை. முழங்காலை மடக்கிப் பெட்டியை எடுத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்தாள்.

"எப்போலேருந்து?" என்று கேட்டேன்.

"மூணு வருஷமா. ஒரு நாள் இருமினேன், முதுகுல பளீர்னுச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா."

"எழுதலாமே."

"எழுதினா நீ அம்மாகிட்ட சொல்லிடுவே." டம்ளரைத் தரையில் வைக்கப் பார்த்தாள், எட்டவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். "ஆஸ்பத்திரிக்கு அதான் வரல. டிக்கெட் எடுத்து வெச்சிருந்தேன். அம்மா என்னைப் பார்த்த உடனே தெரிஞ்சுக்குவா. தன்கிட்டேருந்துதான் எனக்கு வந்ததுன்னு நினைச்சுக்கிட்டே போயிருப்பா."

கேட்க மாட்டேன் என்று எழுதி வைத்திருந்தேன். கேட்காமலே சொல்லிவிட்டாள்.

அவள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். மல்லாந்து படுத்தால் முடிவதில்லையாம். முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்தேன். மருத்துவமனைக்குப் போன் செய்து, அடுத்த வாரம் வேண்டாம், நாளைக் காலையே வருகிறோம் என்றேன். முடியாது என்றார்கள். டாக்டரிடமே பேச வேண்டும் என்றேன். காத்திருக்கச் சொன்னார்கள். அந்தச் சின்னப் பெண் வந்து பேசினாள்.

"அவங்களால நேரா படுக்க முடியுமா மேடம்?"

"முடியாது."

"பரவாயில்லை, கூட்டிட்டு வாங்க" என்றாள்.